ஊராட்சிக் குப்பைக்கு அரசு மானியம்: எங்கே கேட்பது, எவ்வளவு கிடைக்கும்?

உங்கள் ஊரில் சுமார் ஆயிரம் வீடுகள். குப்பையை ஓடைக்கரையில் கொட்டி எரிக்கிறார்கள். மறுசுழற்சிக்கும் குப்பைக் குறைப்புக்கும் அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, உங்கள் இளைஞர் குழு எங்கே விண்ணப்பிக்க வேண்டும், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஊருக்கு வரும் பணம் எது என்பது ஒன்று. உங்கள் குழுவின் கைக்கு வரும் பணம் எது என்பது மற்றொன்று. முதலாவது நிச்சயம் உண்டு; அதில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் ஊராட்சியின் கணக்கில் வந்து செலவாகியும் இருக்கலாம். இரண்டாவது மிகச் சிறியது. அதுவும் வேலையைச் செய்து காட்டிய பிறகு வருவது. ‘விண்ணப்பம்’ என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் பணி மேற்பார்வையாளராகச் சேர்ந்து, ஊராட்சி ஒன்றிய அளவிலான பொறியாளர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். தரம் பிரிக்கும் கொட்டகைகளுக்கு மதிப்பீடு போட்டிருக்கிறேன். அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றில் சில பின்னாளில் வைக்கோல் அடைக்கும் இடமாக மாறியதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளின் கணக்கு. மாநகராட்சிக் குப்பை ஒப்பந்தங்கள் வேறு உலகம். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

பெரிய பணத்திலிருந்து தொடங்குகிறேன். மத்திய நிதிக்குழு மானியம் என்று ஒன்று உண்டு. 15-வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதத்தைக் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும். அலுவலகங்களில் இதை ‘டைடு’ என்றும், மீதி 40 சதவீதத்தை ‘அன்டைடு’ என்றும் சொல்வார்கள். டைடு தொகையில் பாதி, அதாவது மொத்தத்தில் 30 சதவீதம், சுகாதாரத்துக்கு. வீட்டுக் குப்பையைக் கையாள்வது இதற்குள் அடங்கும். இன்னொரு 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. ஆக, குப்பைக்கென்று ஒதுக்கப்பட்ட பணம் உங்கள் ஊராட்சிக்கு யாரும் விண்ணப்பிக்காமலேயே வந்துகொண்டிருந்தது. அது எங்கே போனது என்பதை உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஊராட்சிக் கணக்குகளை வெளியிடும் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், ஆண்டுத் திட்டத்தில் என்ன எழுதினார்கள், எதற்குச் செலவு காட்டினார்கள் என்பது வரும். சண்டை போடுவதற்காக அதைப் பார்க்கச் சொல்லவில்லை. ‘சுகாதாரம்’ என்ற தலைப்பில் பெரும்பாலும் கழிவுநீர் வாய்க்கால்தான் இருக்கும். வாய்க்காலும் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் போனால், “குப்பைக்குப் பணம் இல்லை” என்ற பதிலோடு யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன சதவீதங்கள் 2025-26-உடன் முடிந்த காலத்துக்கானவை. 2026-27 முதல் 16-வது நிதிக்குழுவின் காலம். மனு எழுதும்போது பழைய விகிதத்தைப் பார்த்து எழுதாமல், நடப்பு ஆண்டின் அரசாணையை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு எழுதுங்கள். பழைய எண்ணைப் போட்டு வரும் மனுவை ஓரமாக வைப்பது எழுத்தர்களுக்கு மிகச் சுலபம்.

அடுத்தது தூய்மை இந்தியா இயக்கம், ஊரகப் பிரிவு. 2020-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில்தான் திடக்கழிவுக்கு ஆள் கணக்கில் தொகை நிர்ணயித்தார்கள். 5,000 பேர் வரை உள்ள ஊருக்கு ஒரு ஆளுக்கு 60 ரூபாய் வரை. அதற்கு மேற்பட்ட ஊருக்கு ஆளுக்கு 45 ரூபாய் வரை. ஆயிரம் வீட்டுக்கு நான்காயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 பெருக்கல் 60 என்றால் 2,40,000 ரூபாய். இதில் 30 சதவீதத்தை, அதாவது 72,000 ரூபாயை, ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். இயக்கத்திலிருந்து வருவது 1,68,000 ரூபாய். இது ஆண்டுதோறும் வரும் தொகை அல்ல. ஒரு முறை வருவது. ஒரு சிறிய கொட்டகை, சில மூன்று சக்கர வண்டிகள், தொட்டிகள் என்று எழுதினால் எஸ்டிமேட் நிறைந்துவிடும். “அரசு லட்சக்கணக்கில் தருகிறது” என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், ஒரு வேளை கழிவுநீர்ப் பிரிவின் தொகையைச் சொல்லியிருப்பார்கள். அதற்கு ஆளுக்கு 280 ரூபாய் வரை உண்டு. உங்கள் ஊருக்கு அது 11,20,000 ரூபாய் ஆகும். ஆனால் அது உறிஞ்சு குழிக்கும் கழிவுநீர் வடிகாலுக்கும் உரியது, மறுசுழற்சிக்கு அல்ல.

பிளாஸ்டிக்குக்கு ஒன்றிய அளவில் தனி ஏற்பாடு இருக்கிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு என்று ஒன்றியத்துக்கு ஒன்று அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை அந்த இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் வழி வைத்தார்கள். தூசி தட்டும் இயந்திரம், துண்டாக்கும் இயந்திரம், அமுக்கிக் கட்டும் பேலிங் இயந்திரம் ஆகியவை அங்கே இருக்க வேண்டும். உங்கள் ஊருக்குத் துண்டாக்கும் இயந்திரம் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஆயிரம் வீட்டுப் பிளாஸ்டிக்கை வைத்து அந்த இயந்திரத்தை வாரத்தில் அரை நாள்கூட ஓட்ட முடியாது. உங்கள் ஒன்றியத்தின் அலகு எங்கே இருக்கிறது, அது ஓடுகிறதா, அங்கிருந்து வண்டி எந்தக் கிழமை வரும் என்பதைக் கேளுங்கள். துண்டாக்கிய பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் ஒரு வாங்கும் இடமும் இருந்து வருகிறது: தார்ச் சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவி, அது உருகி ஒட்டிய பிறகு தாரைக் கலப்பார்கள். பி.வி.சி. மட்டும் அதில் சேரக் கூடாது. இந்த வாங்கும் இடம் ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. சாலை வேலை நடக்கும் மாதங்களில்தான் கேட்பு இருக்கும்.

இனி இந்த மானியங்களால் ஆகாத காரியத்துக்கு வருகிறேன். நான் பார்த்த தோல்விகள் எல்லாம் இங்கேதான் நடந்தன. ஒரு கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை, இரும்புத் தூண்கள், சிமென்ட் தரை, இடுப்பளவு சுவர் வைத்த தொட்டிகள் நான்கு, சுவரில் பச்சை, நீலப் பெயின்ட், எதை எதில் போட வேண்டும் என்று அழகான எழுத்து. நான் மதிப்பீடு போட்ட கொட்டகைதான். திறந்து ஓராண்டு கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மண்புழு உரத் தொட்டியில் இரண்டில் விறகு. ஒன்றில் தேங்காய் மட்டை. நான்காவதில் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஊராட்சி செயலரைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, என்னைத்தான் திருப்பிக் கேட்டார்: “சார், இந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாடு இருக்கிறது. கழுநீர்ப் பானையை விட்டுச் சோறு வெளியே வந்தால்தானே உரம் போட?”

அவர் சொன்னது சரி. எங்களிடம் இருந்தது மாதிரி மதிப்பீடு. எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம். குப்பையில் பாதிக்கு மேல் மட்கும் குப்பை என்ற நகரத்துக் கணக்கில் வரைந்தது. மாடும் ஆடும் கோழியும் உள்ள ஊரில் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் தெருவுக்கே வருவதில்லை. தெருவுக்கு வருவது பால் கவர், மசாலாப் பொட்டலம், ஷாம்பு பாக்கெட், தண்ணீர் பாட்டில், குழந்தைகளின் டயப்பர், மது பாட்டில். அந்த ஊருக்கு மூன்று தொட்டியைக் குறைத்துவிட்டு, கதவும் பூட்டும் உள்ள ஒரு உலர் அறை கட்டியிருக்க வேண்டும். மழையில் நனைந்த அட்டைப் பெட்டியை எந்தக் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். இதை மதிப்பீடு போட்ட நானே அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஆகவே, மானியத்தைக் கேட்பதற்கு முன்பு ஒரு வாரம் எடை போடுங்கள். இதற்குக் காசு வேண்டாம். ஒரு தொங்கு தராசு, இருபது சாக்கு, ஐந்து பேர் போதும். வெவ்வேறு தெருக்களில் மொத்தம் நூறு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். கடைத்தெருவில் பத்துக் கடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாளும் அந்தக் குப்பையை வாங்கி, மட்குவது, விற்கக் கூடியது, விற்க முடியாதது, சுகாதாரக் கழிவு என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் எடை எழுதுங்கள். அந்த வாரத்தில் திருவிழாவோ பெரிய கல்யாணமோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஏழாம் நாள் இரவு உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு தாளுக்கு, திட்டங்களை அடுக்கி எழுதும் பத்துப் பக்க மனுவைவிட மதிப்பு அதிகம். வட்டார வளர்ச்சி அலுவலர் முன்பாக எடைக் கணக்கோடு வந்து நின்ற பொதுமக்களை என் பணிக்காலத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுடைய கோப்பு நகர்ந்த வேகத்தையும் பார்த்திருக்கிறேன்.

எடை போட்ட கையோடு காயலான் கடைக்காரரிடம் போங்கள். விலை கேட்பதைவிட, எதை எந்த நிலையில் வாங்குவார் என்று கேட்பது முக்கியம். இரும்பு, அட்டை, தண்ணீர் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், பால் கவர் இவற்றுக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. பால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். பால் காய்ச்சியதும் அதில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றி அலசி, தலைகீழாகக் கொடியில் மாட்டினால் மறுநாள் அது விற்கும் சரக்கு. அலசாமல் இரண்டு நாள் சாக்கில் கிடந்தால் புளித்த வாடை எடுத்துவிடும். கடைக்காரர் சாக்கின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கு தனியே விழாமல், கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். அந்தத் துணுக்குகள்தான் வாய்க்காலில் போய் அடைகின்றன. இப்படிப்பட்ட சிறு விஷயங்களை வீடு வீடாகச் சொல்வதற்கு எந்த மானியமும் ஆள் தராது. உங்கள் குழுவுக்கு உண்மையில் வேலை இருப்பது இங்கேதான்.

யாரும் வாங்காத சரக்கு, பல அடுக்குப் பொட்டலம். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட் எல்லாம் இந்த வகை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய தாள் என்பதால் பிரித்து உருக்கிப் பயன்படுத்த வழியில்லை. இது சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போகிறது. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து ஊர்களுக்கு இது எளிது. தொலைவில் உள்ளவர்களுக்கு லாரி வாடகைதான் முதல் கேள்வி. அமுக்கிக் கட்டாமல் ஏற்றினால் லாரியில் போவது பாதிக்கு மேல் காற்று. ஒன்றிய அலகில் பேலிங் இயந்திரம் ஓட வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். டயப்பர், சானிட்டரி நாப்கின் இரண்டுக்கும் ஊராட்சி அளவில் எந்த வாங்கும் இடமும் கிடையாது. இவற்றைத் தனியாகச் சுற்றித் தரச் சொல்லி, பக்கத்து நகராட்சியோடு ஏற்பாடு செய்ய முடியுமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விடை இல்லாமல் தொடங்கிய ஊர்களில், மூன்றாம் மாதம் அது மறுபடி ஓடைக்கே போய்ச் சேர்ந்தது.

நடத்தும் செலவுக்கு வருகிறேன். கொட்டகையையும் வண்டியையும் மானியம் தரும். அவற்றை ஓட்டுவது ஊராட்சியின் பாடு. நிதிக்குழுவின் அன்டைடு தொகையிலிருந்து சம்பளமும் நிர்வாகச் செலவும் செய்யக் கூடாது என்பது விதி. வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலர்களுக்கு அரசு தனியே மதிப்பூதியம் தருகிறது. 150 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் உங்கள் ஊருக்கு ஆறு ஏழு பேர் வருவார்கள். மீதிச் செலவுகள்தான் கழுத்தை நெரிக்கும்: கையுறை, சாக்கு, வண்டி பழுது, மின்கட்டணம். பேட்டரி வண்டியை எல்லோரும் ஆசையாகக் கேட்பார்கள். அது வந்ததும் படம் எடுப்பார்கள். சார்ஜ் போட மின் இணைப்பு எந்தக் கட்டடத்தில், யார் பெயரில் என்று அதற்கு முன்பு ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு ஊரில் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போட்டார்கள். தலைமையாசிரியர் ஆட்சேபித்ததும் வண்டி நின்றது. நின்ற வண்டியின் பேட்டரி சில மாதங்களில் செத்துவிடும். புதிய பேட்டரிக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று கோப்பு ஓட ஆரம்பிக்கும். உங்கள் ஊர் ஒரே சமதளமாக, தெருக்கள் நெருக்கமாக இருந்தால் மிதிக்கும் வண்டியே போதும் என்பது என் கருத்து. இதை மறுக்கும் சக பொறியாளர்களும் உண்டு. தூய்மைக் காவலர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள், பாரம் மிதிக்க வைக்கலாமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வண்டி மிதிக்கப்போகிறவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பயனாளர் கட்டணம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊர்களில் முகம் சுளிப்பார்கள். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனா வீடு வீடாக வந்து உலர் குப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறது. கிராமத்தில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். அங்கேயும் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. உங்கள் ஊரில் 20 ரூபாய் வைத்தாலே ஆயிரம் வீட்டுக்கு மாதம் 20,000 ரூபாய். மேலே சொன்ன 1,68,000 ரூபாய் மானியம் ஒன்பதே மாதத்தில் எழுந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் குப்பைக்குக் கட்டணம் வாங்குகின்றன. கிராம ஊராட்சி அதைச் செய்ய வேண்டுமென்றால் முறையான தீர்மானமும் ரசீதும் வேண்டும். உங்கள் குழுவே ரசீதில்லாமல் வசூலிக்கத் தொடங்கிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் வசூலித்து, கணக்குக் கேட்டவர்களோடு மனத்தாங்கலாகி, வேலையே நின்றுபோன ஊரை எனக்குத் தெரியும்.

நிலம்தான் இன்னொரு முள். பணம் வந்து, இடம் இல்லாமல் திரும்பிப் போன கொட்டகைகள் உண்டு. ஓடைக்கரையிலேயே கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்காது, கட்டினாலும் நீதிமன்றம் இடிக்கச் சொல்லும். மேய்க்கால் புறம்போக்கிலும் சிக்கல் உண்டு. நத்தத்திலோ வேறு புறம்போக்கிலோ ஐந்தாறு சென்ட் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம், ஊரின் நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வீடு இருந்தால் அந்த வீட்டுக்காரர்களிடம் முதலில் பேசுங்கள். “நாற்றம் வரும்” என்று ஒருவர் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் போதும், கோப்பு ஆறு மாதம் தூங்கும்.

நடைமுறை இப்படித்தான் போகும். எந்த வேலையும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுத் திட்டம் தயாராவது அக்டோபர் 2 முதல் என்பதால், குப்பை விஷயத்தைப் பேச அந்தக் கூட்டம்தான் சரியான கூட்டம். வாயால் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி என்று அது மேலே போய் வரும். மாவட்ட அளவில் தூய்மை இந்தியா இயக்கத்தைப் பார்ப்பது ஊரக வளர்ச்சி முகமை. அதன் திட்ட இயக்குநரைச் சந்திக்கக் கூச்சப்படாதீர்கள். எத்தனை மாதம் ஆகும் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் நெருங்கும்போது மட்டும் எல்லா மாவட்டத்திலும் ஒரே வேகம்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முறையாகத் தேர்தல் நடந்து அமைந்த உள்ளாட்சிக்குத்தான் நிதிக்குழு மானியம் என்பது நிபந்தனை. கணக்கை இணையத்தில் ஏற்றித் தணிக்கை முடித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்களின் பொறுப்பில் ஊராட்சிகள் வந்தன. உங்கள் மாவட்டம் எந்தப் பட்டியலில் இருந்தது, இப்போது யார் கையெழுத்திடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம். உங்கள் ஊர் பேரூராட்சி என்றால் மேலே சொன்ன ஊரகக் கணக்கு எதுவும் பொருந்தாது. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா நகர்ப்புற இரண்டாம் கட்டத்தில், ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களின் திடக்கழிவுத் திட்டச் செலவில் மத்திய அரசின் பங்கை 50 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். அதைச் செயல் அலுவலரிடம் கேட்க வேண்டும்.

உங்கள் குழுவுக்கென்று என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பதிவு செய்த சங்கமாக இருந்தாலும், கொட்டகை கட்டவோ வண்டி வாங்கவோ இந்த மானியங்கள் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. ‘ஒரு லட்சம் கட்டினால் பத்து லட்சம் மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். நேர்வழி ஒன்று உண்டு: நமக்கு நாமே திட்டம். பொதுமக்கள் தரப்பில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஊர்க்காரர்கள், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், பக்கத்து ஆலை என்று எல்லோரும் சேர்ந்து மூன்று லட்சம் திரட்டினால் ஒன்பது லட்ச ரூபாய் வேலை நடக்கும். உங்கள் உலர் அறையை இதில் எடுக்கலாமா என்று முகமை அலுவலகத்தில் எடைக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

பரிசுத் தொகைகள் தனி. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் பசுமை சாம்பியன் விருது, சுற்றுச்சூழலுக்கு உழைக்கும் தனிநபர்கள், அமைப்புகள் என்று நூறு பேருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்டது. விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பார்க்கும். மஞ்சப்பை விருது பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை விலக்கிய இடத்துக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என மூன்று பரிசுகள். உங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இந்தப் பணம் வேலையைத் தொடங்கக் கிடைப்பதல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஓராண்டுப் படங்களும் கணக்கும் இல்லாமல் யாரும் பரிசு தர மாட்டார்கள்.

குறைப்பதைப் பற்றியும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் மானியமே தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை இருக்கிறது. கடைகளில் அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் உள்ளாட்சிக்கும் உண்டு. மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் அதைத் திருப்பித் தரும் முறையை, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கினார்கள். காட்டில் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த கண்ணாடியில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது. பத்து ரூபாய்க்காகப் பாட்டில் பொறுக்கியவர்களும் அதில் சேர்த்தி. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. உங்கள் ஊருக்கு ஏற்றது இன்னும் சின்னது: ஊர்ப் பொதுப் பாத்திரம். இருநூறு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி மகளிர் குழுவிடம் வைத்து, விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விட்டால், ஒரு கல்யாணத்துக்கு மூன்று மூட்டைக் காகிதக் கப் மிச்சம். அந்தக் காகிதக் கப்பின் உள்பூச்சும் பிளாஸ்டிக்தான். காயலான் கடையில் அதற்கு விலை கிடையாது. இதற்கு ஆகும் பணம் ஊரில் நான்கு வீட்டு மொய்ப்பணத்தில் அடங்கிவிடும்.

எடை போட்டு முடித்ததும் அந்தத் தாளின் படத்தை இங்கேயே போடுங்கள். எத்தனை தொட்டி, எவ்வளவு பெரிய அறை என்று மதிப்பீட்டுக்கு வேண்டிய அளவுகளைப் போட்டுத் தருகிறேன். மாடுள்ள வீடுகள் எத்தனை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.